பழைய அறுவை மருத்துவ நூல்கள்: கேட்டதும் சொன்னதும்

மருத்துவ மாணவி, மதுரை: சார், கிரேயின் உடற்கூறு நூல், முதல் பதிப்பு என்று ஒருவர் விற்கிறார். எப்படி உறுதி செய்வது?

பதில்: அட்டையை நம்ப வேண்டாம், தலைப்புப் பக்கத்தைத் திறங்கள். லண்டன், ஜான் டபிள்யூ. பார்க்கர் அண்டு சன், 1858 என்று இருக்க வேண்டும். 1901இல் வந்த அமெரிக்கப் பதிப்பை 1970களில் அப்படியே மறுஅச்சு போட்டார்கள். அதைத்தான் பலர் பரணிலிருந்து இறக்கி, தாத்தா காலத்துப் புத்தகம் என்று விலை சொல்கிறார்கள்.

அதே பக்கத்தில் படம் வரைந்த ஹென்றி வேண்டைக் கார்ட்டரின் பெயரும் இருக்கும். அந்தப் புத்தகத்துக்கு உயிரே அவர் படங்கள்தான். உறுப்பின் பெயரைப் படத்தின் மேலேயே எழுதியிருப்பார், கண் அங்குமிங்கும் அலைய வேண்டாம். நூல் வெளிவந்தபோது அவர் பம்பாயில் வேலையில் இருந்தார். உங்கள் ஊர்ப் பெயரால் ‘மதுரா ஃபுட்’ என்றழைக்கப்பட்ட கால் நோய்க்கு ‘மைசெட்டோமா’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அதைப் பற்றி 1874இல் தனி நூலே எழுதினார். எங்காவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். எனக்கு இன்னும் அமையவில்லை.

கோவை வாசகர்: அறுவை மருத்துவர் லிஸ்டர், புண்ணில் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் பற்றி எழுதிய முதல் புத்தகம் எது?

பதில்: புத்தகமே இல்லை. 1867இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தொடர் கட்டுரைகளாக வந்தது. அந்த ஆண்டின் கட்டுத் தொகுதியைத் தேடுங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் 1909இல் இரண்டு பாகமாக வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு போதும்.

திருச்சி மருத்துவர்: பக்க எண்கள் சரியாக இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், நான் ஏமாந்ததே இதில்தான். படத்தாள்களைத் தனியாக அச்சிட்டு இடையிடையே சேர்த்துத் தைப்பார்கள், அவை பக்கக் கணக்கில் வராது. எலும்பு முறிவு பற்றிய ஒரு நூலை ஆசையாக வாங்கி வந்து வீட்டில் விரித்தால், தையலை ஒட்டி விரல்நக அகலத்துக்கு மூன்று காகிதக் கீற்றுகள் நிற்கின்றன. யாரோ பிளேடால் அறுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள்! முன்னால் உள்ள படப்பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிடுங்கள். அப்புறம் விலை பேசலாம்.

யாழ்ப்பாண வாசகர்: ஐயா, தமிழில் சேகரிக்கத்தக்க அறுவை நூல் ஏதும் உண்டோ?

பதில்: உங்கள் மானிப்பாயிலேயே உண்டே! அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலேய மருத்துவர் ட்ரூயிட்டின் அறுவை நூல் அவர் முயற்சியில் ‘இரண வைத்தியம்’ என்று தமிழாக்கமாக 1867இல் வந்தது. லிஸ்டர் கிளாஸ்கோவில் எழுதிய அதே ஆண்டு. கிரேயின் நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. என்னைக் கேட்டால், லத்தீன் நூல்களுக்கு ஏங்கும் முன் இவற்றைத் தேடுவேன். பழைய வைத்தியர் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள்.

சென்னை வாசகி: புத்தகத்தை ராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறது. என்ன செய்ய?

பதில்: வெள்ளைத்தாள் மேல் வைத்து லேசாகத் தட்டுங்கள். புதிதாகப் பொடி உதிர்ந்தால் பூச்சி உள்ளேயே இருக்கலாம். மற்றப் புத்தகங்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும்.