மூலையில் வைத்துப் பாருங்கள்

சார்,

பிரபஞ்சத்தைக் கணினியில் உருவகித்துக் கிடைக்கும் தரவை அலசும் ஒய்டி (yt) என்ற திறமூல மென்பொருளில், ஹேலோ எனப்படும் கரும்பொருள் திரள்களின் வடிவத்தை அளக்கும் வசதி ஒன்றைச் சேர்க்க, நிரல் எழுதி அனுப்பினேன். ஆறு வாரமாக அதைப் பராமரிப்பவர்களிடமிருந்து "டெஸ்ட் (நிரல் சரியா என்று பார்க்கும் சோதனை) எங்கே?" என்ற ஒரே கேள்விதான் வருகிறது. என் தரவில் சரியாகத்தான் ஓடுகிறது. ஊர் பேர் தெரியாத கல்லூரி என்பதால் அலைக்கழிக்கிறார்களோ? பேசாமல் மென்பொருளை நகலெடுத்து, ஃபோர்க் செய்து, தனியாக வெளியிட்டுவிடவா? பைத்தானை விட்டு சி-க்கு மாறலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பைத்தானா சி-யா என்பதை டீக்கடையில் பேசிக்கொள்வோம். கல்லூரிப் புலம்பலுக்குப் பதில் கிடையாது. இணைத்திருந்த நிரலைப் படித்தேன். நறுவிசான கை உங்களுக்கு. ஆனால் ஹேலோவின் மையம் காணத் துகள்களின் ஆயத்தொலைவுகளை அப்படியே சராசரி எடுத்திருக்கிறீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். நான் விழுந்த பள்ளம் அது.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, கணினிக்குள் துகள்களால் உருவகித்த பிரபஞ்சப் பெட்டியின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நீண்ட சுருட்டு போல ஒரு ஹேலோவைக் கண்டுபிடித்தேன். அன்றிரவு தூக்கமே இல்லை. காலையில் வழிகாட்டி கேட்டார்: "நடுவுல ஏதாச்சும் இருக்காப்பா?" ஒரு துகள்கூட இல்லை. இந்தப் பெட்டிகளில் வலப்பக்கம் வெளியேறும் துகள் இடப்பக்கம் வந்து நுழையும். எல்லையில் சிவனே என்று கிடந்த ஹேலோவை இரண்டாகப் பிளந்து சுருட்டாக்கியவன் நான்தான்.

உங்கள் தரவில் ஓடுகிறதாம்! உங்கள் ஹேலோ பெட்டிக்கு நடுவில் இருக்கிறது, ஓடாமல் என்ன செய்யும்? ஒய்டி பிறந்தது என்ஸோ என்ற உருவக நிரலின் தரவுக்காக. இன்று காட்ஜெட், ரேம்சஸ் என்று வேறு நிரல்களின், யார் யார் பெட்டிகளையோ திறக்கிறது. அதில் சேரும் எதுவும் முகம் தெரியாதவர்களின் பெட்டியிலும் ஓடியாக வேண்டும்.

ஒன்று செய்யுங்கள். நீங்களே துகள்களைத் தூவி, ஓர் அச்சு மற்றவற்றைப்போல் இருமடங்கு நீண்ட ஹேலோ ஒன்றை உருவாக்குங்கள். விடை முன்பே தெரிந்த ஹேலோ. அவர்கள் கேட்கும் டெஸ்ட் இதுதான். அதன் மையத்தைப் பெட்டியின் மூலையில் வையுங்கள். எட்டுத் துண்டாகி எட்டு மூலைக்கும் போய்விடும். உங்கள் சராசரி, ஒன்றுமே இல்லாத பெட்டி நடுவை மையம் என்று காட்டும். அங்கிருந்து பார்த்தால் எல்லாத் திசையிலும் பொருள் ஏறக்குறைய ஒரே தொலைவு. எனவே அந்த நீண்ட ஹேலோவைக் கிட்டத்தட்ட உருண்டை என்றே சொல்லும். பிழைச்செய்தியும் வராது, எச்சரிக்கையும் வராது. அழகான எண் வரும். என் சுருட்டாவது கண்ணுக்குத் தெரிந்தது தம்பி, இது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பாருங்கள். உருண்டை என்று வந்தால் எனக்கு எழுத வேண்டாம், அவர்களுக்கு எழுதுங்கள்.