முஸ்லிம்களை ஓட்டுப் போடவும் அரசியலில் பங்கெடுக்கவும் எப்படி ஊக்கப்படுத்துவது?

உங்கள் மஹல்லாவில், அதாவது பள்ளிவாசல் வட்டாரத்தில், இளைஞர்கள் ஓட்டுச்சாவடிப் பக்கமே போவதில்லை, சிலர் ஓட்டே ஹராம் என்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (பிரசங்கத்தில்) பேச வைத்தால் மாறுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜமாஅத்தில் ஏதோ பொறுப்பில் இருக்கும் ஆண் என்று நினைக்கிறேன். பெண்ணாக இருந்தால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும்.

பயான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த அளவில் ஓட்டுப் போடாதவர்களில் பெரும்பாலோர் ஃபத்வாவுக்குப் பயந்து நின்றவர்கள் இல்லை, பட்டியலில் பெயர் இல்லாதவர்கள். பெயர் இருந்தும் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு என்று தெரியாதவர்கள் அடுத்து.

ஹராம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் மார்க்கக் கல்வி படித்த ஆலிமா இல்லை. "மார்க்கம் தெரியாமல் பேசாதே" என்று எழுத வருகிறவர்கள் தங்கள் ஊர் ஹஜ்ரத்திடமே கேட்டுக்கொள்ளட்டும். தேவ்பந்த் மதரசா வழி வந்த மார்க்க அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ, ஓட்டுப் போடுவது ஒருவருக்காகச் சாட்சி சொல்வது போல என்று எழுதியிருக்கிறார். அது போகட்டும். பிரிவினைக் காயம் ஆறாத 1948 மார்ச்சில் சென்னையில் கூடிய முஸ்லிம் லீக்காரர்கள், இனி அரசியலே வேண்டாம் என்று கலைந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அப்படிச் செய்யவில்லை. அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து வாதாடினார். அப்புறம் 1962, 1967, 1971 என்று மஞ்சேரியில் ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். திருநெல்வேலிக்காரரை மலையாளிகள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவரை விடப் பேணுதலானவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் சரி, அவர்களோடு நான் வாதத்துக்கு வரவில்லை.

இப்போது என் கதை. எங்கள் ஊர் இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம், எல்லோரும் சொல்கிற எஸ்ஐஆர், தொடங்கியபோது தெருவே பதறியது. குடியுரிமையைப் பறிக்கப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்கலாமா என்று என்னிடமே கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவள், எந்தக் கட்சியும் கிடையாது. படிவத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். பழைய திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ, தாய் தகப்பன் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று கேட்டிருந்தது. அதற்கு அழுது பிரயோஜனமில்லை, உட்கார்ந்து தேடவேண்டியதுதான்.

எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மற்ற ஊர்களில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் பிறந்த ஊர்ப் பட்டியலைத் தேடி அலைந்தபோது, எங்கள் பெண்களுக்கு அந்த அலைச்சல் குறைவு. அதே தெரு, அதே வீடு. பாடாய்ப் பட்டது ஆண்களின் பெயர்கள்தான். அன்றைக்கு உம்மா வீட்டு முகவரியில் பெயர், இன்றைக்கு மனைவி வீட்டில் குடித்தனம், ஆளோ துபாயில்!

பெயர் எழுத்து இன்னொரு தலைவலி. முகமது, முஹம்மது, மொஹமது மூன்றும் கணினிக்கு மூன்று ஆள். ஒரு மாமிக்கு ஆதாரில் ஜைனம்பு நாச்சியார். தேடுபெட்டியில் எப்படி அடித்தாலும் வரவில்லை. கடைசியில் அந்தப் பாகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வாய்விட்டு வாசித்தோம். 'செய்னம்பு' என்று இருந்தது, கணவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வாப்பா பெயர். மாமி போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா நான் விசாரணை நோட்டீசுக்குப் போயி நிக்கணும்?" என்றார். போகவேண்டி வரவில்லை.

இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், ஏன் சொல்லக்கூடாது? 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் பதிந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயரைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டார். பெரும்பாலும் வடமாநிலங்களில். மதம் பார்த்து நடந்ததில்லை அது. பெயர் சரியாக ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோபமும் இருக்கிறது. அந்த வாரங்களில் ஸ்டேட்டஸில் புரட்சி பேசிய தம்பிகளை உதவிக்குக் கூப்பிட்டோம். "ராத்தா, நீங்க பாருங்க, பயண வேலை இருக்கு" என்றார்கள். ஜமாஅத்தில் இடம் கேட்டோம், பெண்கள் வந்து போக வசதிப்படாது என்றார்கள். என் வீட்டுத் திண்ணையில்தான் எல்லாம் நடந்தது. இந்த ஜமாஅத்தின் நிர்வாகத் தேர்தலில் எங்களுக்கு ஓட்டுக் கிடையாது. வீட்டு ஆண் வெளிநாட்டில் இருந்தால் சந்தாவை மட்டும் எங்கள் கையில்தான் வாங்கிப்போகிறார்கள், ரசீதில் அவர் பெயர். 1950இல் அரசியல் சட்டம் கொடுத்ததைச் சொந்தப் பள்ளிவாசல் இன்னும் தரவில்லை. அங்கே ஓட்டில்லாதவளிடம் ஜனநாயகக் கடமை பற்றிப் பயான் பண்ணினால் சிரிப்பு வராதா? எல்லா ஊரும் அப்படி என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் பெண்களுக்கு ஓட்டு இருந்தால் மாஷா அல்லாஹ்.

சரி, கேள்விக்கு வருகிறேன். யாருக்குப் போடு என்று சொல்லாதீர்கள். அதைச் சொன்ன நிமிடமே பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள், மீதிப்பேர் எந்தக் கட்சி காசு கொடுத்தது என்று பேசுவார்கள். பதினேழு முடிந்த பிள்ளைகளைப் பிடியுங்கள். புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் பதினெட்டு நிறைகிறதோ அதை வைத்துப் பெயர் ஏறும். வீடு மாறியவர்களுக்கும் எழுத்துப்பிழைக்கும் படிவம் 8. தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள், அப்போது கூட்டமும் குழப்பமும்தான்.

முகத்திரை போடும் பெண்கள் ஓட்டுச்சாவடியில் மானக்கேடு ஆகுமோ என்று தயங்குவார்கள். அடையாளம் பார்க்கப் பெண் அலுவலரைக் கேட்கலாம் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். 2022 உள்ளாட்சித் தேர்தலில் மேலூரில் ஒரு கட்சி முகவர் ஹிஜாபைக் கழற்றச் சொல்லித் தகராறு செய்தபோது வெளியேற்றப்பட்டவர் அவர்தான், அந்தப் பெண் இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தல் மாதிரி வெள்ளிக்கிழமையில் வந்தால் காலையிலேயே போய்விடச் சொல்லுங்கள், ஜும்ஆவுக்குப் பிறகு வரிசை நீளும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் படிவம் 6ஏ மூலம் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம், 2010இல் சட்டம் திருத்தியதால் வந்த உரிமை. ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போடவேண்டும். லீவும் டிக்கெட்டும் யார் தருவது? இதை எந்தப் பயானாலும் தீர்க்க முடியாது, எம்.பி.யைப் பிடித்துக் கேட்கவேண்டியது.

உங்கள் ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் தஃப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு, இருக்கும். எந்த மாப்பிள்ளை எந்த வீட்டுக்குப் போனார் என்பது தேதியோடு அதில் இருக்கிறது. மௌத்தானவர்கள் (இறந்தவர்கள்) விவரமும் எழுதியிருப்பீர்கள். அதை வாக்காளர் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கு எந்தப் படிவம் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எங்களுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் பொறுப்பில் இருந்தால் கொடுங்கள்.