கண்ணாடிக் கூரைக் கார் யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய வாகன் ஆரை விற்றுவிட்டுக் கொஞ்சம் பெரிய கார் எடுக்கப் பார்க்கிறேன். நான், மனைவி, ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபது கடந்த அம்மா. ஒரே மொடலில் இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் திறந்து மூடுகிற பனோரமிக் சன்ரூஃப் இருக்கிறது, மற்றதில் இல்லை. விலையில் எட்டு இலட்சம் ரூபா வித்தியாசம். பிள்ளைகள் கண்ணாடிக் கூரைதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கிற தம்பியும் 'எடு அண்ணை, எங்கட காரில இருக்கு, அந்த மாதிரி' என்கிறான். வீட்டில் கராஜ் இல்லை. முற்றத்து வேம்பின் கீழ்தான் கார் நிற்கும். எடுக்கலாமா?"

இதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த வேம்புதான். சன்ரூஃப் பற்றி என்னிடம் கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வியும் கார் எங்கே நிற்கப் போகிறது என்பதுதான். ஏன் என்று சொல்ல, போன மாரியில் என் திருத்தகத்துக்கு வந்த ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு அந்தக் கார் வந்தது. சாரதியின் காலடி விரிப்பை அழுத்தினால் விரலுக்கு மேலே தண்ணீர் ஊறியது. கதவு ரப்பர்தான் பிழை என்று நினைத்துச் சொந்தக்காரர் அதை ஏற்கெனவே மாற்றியிருந்தார். நான் கூரைக் கண்ணாடியைத் திறந்து, முன் வலது மூலையில் ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீர் முன் சில்லுப் பக்கம் நிலத்தில் சொட்ட வேண்டும். ஒரு சொட்டும் வரவில்லை. மூலையில் குளமாய் நின்றது. மூன்று முழம் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலோன் நூல்) வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி மழுக்கி, வடிகால் துளைக்குள் விட்டேன். ஒரு சாண் போனதும் தட்டியது. முன்னும் பின்னும் இழுத்து இழுத்து விட, களக்கென்று தண்ணீர் இறங்கிச் சில்லுக்குப் பின்னால் சிவப்பாய்க் கொட்டியது. கூடவே காய்ந்த வேப்பம்பூவும் இலைக்காம்பும் செம்மண்ணோடு பிசைந்த களிபோல வந்து விழுந்தன. சித்திரையில் கொட்டிய பூவின் மேல் சோளகம் அள்ளிவந்த புழுதி படிந்து இறுகிப் போயிருந்தது. குழாயைத் திறக்க அரை மணித்தியாலம்தான் எடுத்தது. ஆனால் விரிப்பின் கீழ் ஓடிய வயர்களின் இணைப்பிகள் பச்சை பிடித்திருந்தன. கதிரைகளைக் கழற்றி, விரிப்பை எடுத்துக் காயவைத்து, இணைப்பிகளை ஒவ்வொன்றாகத் துப்புரவாக்க ஒரு கிழமை போனது.

கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் மழையை முழுதாகத் தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திறந்து மூடுகிற கூரையை அப்படிச் செய்வதில்லை. ரப்பரைத் தாண்டிக் கொஞ்சத் தண்ணீர் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுத்தான் அடியில் ஒரு பீலி வைத்திருக்கிறார்கள். பீலியின் மூலைகளில் இருந்து மெல்லிய குழாய்கள் கதவுத் தூண்களுக்குள்ளால் இறங்கி வெளியே விடும். நம் ஓட்டு வீட்டுப் பீலி போலவேதான். மாரிக்கு முன் பீலியில் சருகு அள்ளாத வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் காரிலும் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: வீட்டுப் பீலி கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. எங்கள் ஊரில் பல மாதம் புழுதி, பிறகு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வருடத்து மழையில் பெரும்பங்கு. அடைபடவும் பிறகு ஒரேயடியாய் நிரம்பவும் இதைவிடத் தோதான காலநிலை கிடையாது.

அடுத்தது வெய்யில். தம்பி சொல்வது அவர் இருக்கிற ஊருக்கு முற்றிலும் சரி. ரொறன்ரோவில் மார்கழி மதியத்தில் சூரியன் அடிவானத்தில் இருந்து 23 பாகைதான் ஏறும். அந்த இருட்டுக் காலத்தில் கூரையால் வருகிற வெளிச்சம் ஒரு கொடை. கோடையிலும் அங்கே 70 பாகைக்கு மேல் சூரியன் போவதில்லை. யாழ்ப்பாணத்திலோ வருடத்தில் மிகத் தாழ்வான மதியச் சூரியனே 57 பாகையில் நிற்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், மதியம் 12 மணி 10 நிமிட அளவில், நேர் உச்சிக்கு வந்துவிடும். ஓகஸ்ட் கடைசியில், நல்லூர்த் திருவிழாவை அண்டி, திரும்பவும் ஒரு முறை வரும். பக்கக் கண்ணாடியால் வருகிற வெய்யிலைவிட உங்கள் காருக்கு மேலால் வருகிற வெய்யில்தான் பெரிது.

உச்சி வெய்யில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 வாற்று வெப்பத்தை இறக்குகிறது. பனோரமிக் கண்ணாடியின் பரப்பும் ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர்தான். நல்ல நிறக் கண்ணாடி ஐந்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறது என்று வைத்தாலும் 200 வாற்று. காரின் ஏசி சில ஆயிரம் வாற்று வெப்பத்தை வெளியேற்றக் கூடியது, ஆகவே ஓடும்போது அது சமாளித்துவிடும். "ஏசி போட்டால் ஒன்றும் தெரியாது" என்று விற்கிறவர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. அவர் சொல்லாமல் விடுவது, கண்ணாடி விழுங்கி வைத்திருக்கிற மிச்ச வெப்பத்தை. கறுத்த கண்ணாடி தானே சூடாகி, கீழே இருக்கிற தலையை நோக்கி அந்தச் சூட்டை வீசிக்கொண்டிருக்கும். சாதாரணக் கூரைத் தகடும் சுடத்தான் செய்யும், ஆனால் அதற்கும் தலைக்கும் நடுவே காற்றிடைவெளியும் உட்கூரைத் துணியும் இருக்கின்றன. ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடி ஓட்டின் கீழ் மதியத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். காற்று குளிர்ந்திருக்கும், உச்சி மட்டும் சுடும். உங்கள் வீட்டில் அந்த ஓட்டின் கீழ் இருக்கப் போகிறவர் பின் சீற்றில் இருக்கிற அம்மா.

உள்ளே இழுத்து மூடுகிற திரை உதவும், ஆனால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அது தடுக்கிறது. திரை மெல்லிய வலைத்துணியாக இருந்தால் உதவியும் குறைவு. வெளிச்சம் புகாத தடித்த திரையா என்று கையை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள். நிற்கிற காருக்கு வெளியே போடுகிற உறைதான் நல்லது, அதைவிட நல்லது கொட்டில். நாலு கப்பு நட்டுப் பனையோலை வேய்ந்த கொட்டிலுக்குள் நிற்கிற கார், தகரக் கொட்டிலுக்குள் நிற்கிறதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பனோரமிக் என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே சாமான் அல்ல. ஜப்பானில் இருந்து வருகிற ஹொண்டா வெசல் 'பிளே' தரத்தில் இருப்பது திறக்காத கண்ணாடி. பி.வை.டி. அட்டோ 3இல் இருப்பது திறக்கிற கூரை. திறக்காததில் பீலியும் இல்லை, குழாயும் இல்லை, கண்ணாடி சறுக்குகிற தண்டவாளமும் மோட்டாரும் இல்லை. முன் கண்ணாடியைப் போலப் பசையால் ஒட்டியிருப்பார்கள். நான் மேலே சொன்ன மழைக் கரைச்சல் அதில் அநேகமாகக் கிடையாது, வெய்யில் மட்டும்தான். நீங்கள் பார்த்து வைத்திருப்பது திறக்கிற வகை. கரைச்சல் கூடிய வகை அதுதான்.

கண்ணாடியின் இனத்தையும் கேளுங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டியது லமினேற்றட். வெடித்தாலும் ஒட்டியபடி நிற்கும், புற ஊதாக் கதிரையும் பெரும்பாலும் தடுத்துவிடும். சூடாக்கிக் கடினப்படுத்திய ஒற்றைத் தகடு ரெம்பேர்ட். உறுதியானதுதான், ஆனால் போனால் சில்லுச் சில்லாகக் கொட்டுண்டு போகும். எது என்று கண்ணாடியின் மூலையில் பொறித்திருப்பார்கள். வேம்பைத் தவிர வளவில் பனையும் நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றால், ஆடி ஆவணியில் பனம்பழம் விழுகிற காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் நிறையுள்ள பழம் முப்பது நாற்பது அடியில் இருந்து விழுந்தால் தகட்டில் பள்ளம் விழும், தட்டி எடுத்துவிடலாம். கண்ணாடியைத் தட்டி எடுக்க முடியாது.

உடைந்தால் மாற்றுக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்பது சின்ன விடயம் இல்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இப்போது வந்து இறங்குகிற புது மொடல்களில் பலதுக்கு உதிரிப்பாகம் இன்னும் கடைகளில் சேரவில்லை. ஓடிப் பழகிய கார்களின் முன் கண்ணாடியை யாழ்ப்பாணத்திலேயே தேடிப் பிடிக்கலாம். கூரைக் கண்ணாடி என்றால் கொழும்பில் தேட வேண்டும், அங்கேயும் இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்க வேண்டும். அதுவரை பொலித்தீன் கட்டி ஓட வேண்டி வரும். காப்புறுதி எடுக்கும்போது முன் கண்ணாடிக்குத் தருகிற சலுகை கூரைக் கண்ணாடிக்கும் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது அன்றைக்கு உதவாது.

பிள்ளைகள் ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மேலால் தலையை நீட்டி நிற்கலாம் என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கிறது. இதில் நான் கொஞ்சமும் இளகமாட்டேன். ஓடுகிற காரில் கூரையால் எந்தப் பிள்ளையும் நிற்கக் கூடாது, ஒழுங்கைக்குள் மெதுவாகப் போனாலும் கூடாது. ஒரு பிரேக்கில் நெஞ்சு கண்ணாடி விளிம்பில் அடிபடும். எங்கள் ஒழுங்கைகளில் தாழ்ந்து தொங்குகிற வயர் உண்டு, வேலிக்கு மேலால் நீட்டிய கிளுவைக் கொப்பு உண்டு, தைப்பொங்கல் காலத்தில் வீதிக்குக் குறுக்கே பட்ட நூல் உண்டு. கார் வாங்குகிற நாளிலேயே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கலியாண வீட்டு ஊர்வலத்துக்கும் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால் அதில் நன்மையே இல்லை என்று எடுக்க வேண்டாம். பொழுதுபடுகிற நேரம் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகும்போது கூரையைத் திறந்துவிட்டால் இரண்டு பக்கக் கடலும் மேலே வானமுமாக அது வேறொரு பயணம். வெய்யிலில் நின்ற காரைக் கூரையின் பின் விளிம்பை மட்டும் உயர்த்திவிட்டு இரண்டு நிமிடம் ஓடினால் மேலே தேங்கிய சூட்டுக்காற்று விரைவாக வெளியேறும். கறுப்பு உள்ளலங்காரம் உள்ள காரில் பின் சீற்றுப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் ஒரு பெரிய ஆறுதல். கராஜ் உள்ளவர், மாரிக்கு முன் ஒரு மணித்தியாலம் செலவழிக்கிறவர், விலை வித்தியாசம் சுமையாகாதவர் தாராளமாக எடுக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு: புரட்டாதியில் ஒருமுறை, மார்கழி முடியும்போது ஒருமுறை, கண்ணாடியைத் திறந்து பீலியை ஈரத்துணியால் துடையுங்கள். கை எட்டுகிற ஒவ்வொரு மூலையிலும் கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடைப்பு என்றால் தங்கூசி விடுங்கள், காற்றுப் பம்பால் அடிக்காதீர்கள். அழுத்தத்தில் குழாய் உள்ளே கழன்றுவிட்டால் உட்கூரையையே இறக்க வேண்டி வரும். தண்டவாளத்துப் பழைய கிறீசை முழுக்கத் துடைத்தபின் புதுசு பூசுங்கள், இல்லாவிட்டால் புழுதி அதில் ஒட்டி அரத்தூள் போல அரைக்கும். பருத்தித்துறை, குருநகர், தீவகம் என்று கடற்காற்றில் இருக்கிறவர்கள் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். சாதாரணக் கூரையை வெட்டிக் கண்ணாடி பொருத்தித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கூரை வெறும் மூடி அல்ல, கார் உருண்டால் உங்களைத் தாங்குகிற எலும்பு.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். கொட்டில் இல்லை, மேலே வேம்பு, பின் சீற்றில் வயதான அம்மா, கார் திறக்கிற வகை. என் முடிவு: சன்ரூஃப் இல்லாத காரையே எடுங்கள். மிஞ்சுகிற எட்டு இலட்சத்தில் முதலில் ஒரு கொட்டில் போடுங்கள், பிறகு நல்ல ரயர் நாலு போடுங்கள், கண்ணாடிகளுக்கு வெப்பம் தடுக்கிற தெளிந்த படலம் ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். சில மொடல்களில் பக்க ஏர்பேக்கும் பின் சீற்று ஏசி வாயும் சன்ரூஃப் உள்ள மேல் தரத்தில்தான் வரும். உங்கள் இரண்டு காருக்கும் நடுவே அந்த வித்தியாசமும் இருந்தால் கதை மாறும். ஏர்பேக்குக்காக அந்தக் காரை எடுத்து, கண்ணாடிக் கூரையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வாங்க முன் இரண்டு காரையும் ஒரே நாளில் ஓடிப் பாருங்கள். காலையில் வேண்டாம், மதியம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் கேளுங்கள். அம்மாவைப் பின் சீற்றில் இருத்தி, திரையைத் திறந்து பத்து நிமிடம், மூடிப் பத்து நிமிடம் பலாலி வீதியால் போய் வாருங்கள். பிறகு உச்சி சுட்டதா என்று அவரிடமே கேளுங்கள்.