பள்ளிக்கூட வாத்தியத்துக்கு வீட்டு நகையா?

கேள்வி: பெரம்பூரில் ஒரு பள்ளியில் பேண்டு மாஸ்டராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 31,000. 2023 ஜூனில் டிரம்பெட்டும் டிரம்மும் வாங்க மனைவியின் சங்கிலியை 80,000-க்கு அடகு வைத்தேன். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற நிர்வாகம் இன்னும் பணம் தரவில்லை. இப்போது பேஸ் கிளாரினெட் (தாழ்ந்த குரலில் ஒலிக்கும் பெரிய கிளாரினெட்) வேண்டும். துபாயில் இருக்கும் மச்சான், கீழே 'சி' சுரம் வரை போகும் மர வாத்தியத்தை 2,60,000-க்கு வாங்கச் சொல்லி விடாமல் நச்சரிக்கிறார். கடையில் புதிய பிளாஸ்டிக் மாடல் 1,60,000. சர்ச் பேண்டு ஒன்றில் பழையது 85,000. வளையலை வைக்கட்டுமா, வட்டியில்லாத் தவணையில் எடுக்கட்டுமா?

பதில்: சார், வாத்தியத்துக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப்பித்த முத்திரை இரண்டு. மாதம் ஒன்றரை வட்டி என்றால் 80,000-க்கு 1,200. முப்பது மாதத்தில் 36,000 போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வளையலையும் வைத்து 1,60,000 எடுத்தால் மாதம் இன்னொரு 2,400. வட்டிக்கே 3,600 என்றால் வீட்டில் எதை நிறுத்துவீர்கள்?

டிரம்பெட் பில் பள்ளியின் பெயரில், கடன் உங்கள் பெயரில். நாளைக்கு வேறு பள்ளிக்குப் போனால் வாத்தியம் அங்கேயே இருக்கும், அடகுச் சீட்டு மட்டும் உங்களோடு வரும். பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நீங்கள் நகையை அடகுக்கு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தால் நிர்வாகம் பணம் ஒதுக்காது.

'வட்டியில்லாத் தவணை' பக்கம் போகவே வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுப்பதும், பிராசசிங் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் கட்டுவதும் நாம்தான்.

மச்சானிடம் பக்குவமாக மறுத்துவிடுங்கள். கீழ் 'சி' பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களுக்குத் தேவை. பள்ளி பேண்டின் இசை நோட்டுக்கு ஈ-ஃபிளாட் சுரம் வரை போனால் போதும். மரம் ஏசி அறைக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போனால் வெடிக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை. இணையத்தில் மலிவாக வரும் பெயரில்லாத வாத்தியங்களும் வேண்டாம். கீ வளைந்தால் நிமிர்த்த ஆளும் கிடைக்காது, உதிரிப் பாகமும் கிடைக்காது.

அந்த 85,000 வாத்தியத்தை நேரில் போய்ப் பாருங்கள். மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் இணைக்கும் இடத்தில் இருக்கும் சின்ன பிரிட்ஜ் கீ வளைந்திருக்கிறதா? அடி ஸ்தாயி சுரங்கள் கீகளை இறுக்கி அழுத்தாமலே வருகின்றனவா? திணறினால் துளையை மூடும் பேட் எங்கோ சரியாக மூடாமல் காற்று கசிகிறது. கடல் காற்றில் எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அதையும் கவனியுங்கள். பேடும் கார்க்கும் மாற்ற 12,000 வைத்தாலும் மொத்தம் 97,000. ஊதும் இடத்தில் வைக்கும் ரீட் கிடைக்காத நாளில் டெனர் சாக்ஸபோன் ரீடை வைத்துச் சமாளிக்கலாம்.

இந்தப் பணத்தைத் தர வேண்டியது பள்ளி. பழைய மாணவர்கள் 40 பேர் ஆளுக்கு ஆயிரம் கொடுத்தால் 40,000. மீதி 57,000-ஐ நிர்வாகம் இரண்டு தவணையாகத் தரட்டும். பில்லும் ஸ்டாக் ரிஜிஸ்டரும் பள்ளி பெயரில் இருக்கட்டும். பழைய 80,000-ஐயும் அதே கடிதத்தில் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை ஆண்டு விழாவுக்கு என்ன வழி என்றால், பள்ளியில் டெனர் சாக்ஸபோன் இருந்தால் போதும். ட்ரெபிள் கிளெஃபில் (மேல் ஸ்தாயிக் குறியீட்டில்) எழுதிய பேஸ் கிளாரினெட் நோட்டை அதில் அப்படியே வாசிக்கலாம். இரண்டும் பி-ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது ஒரே நோட்டை வாசித்தால் ஒரே சுரம்தான் ஒலிக்கும். எட்டாத அடிச் சுரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சங்கிலிக்கு இந்த மாதமே அசலில் 4,000 கட்ட ஆரம்பியுங்கள். வட்டியும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். இருபதாவது மாதம் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் நகையை மீட்டு வாருங்கள்.