பழைய லேப்டாப்பில் குரோம், ஐபோனில் ஆண்ட்ராய்டு: ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

ஒரு கருவிக்கென்று எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வேறு கருவியில் ஓட்டுவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மாடல் எண், ராம் அளவு இரண்டையும் எழுதுங்கள். "என் சிஸ்டம் ஸ்லோ, என்ன போடலாம்?" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாது. அப்புறம், பேக்கப் எடுக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். இதை இன்று பத்துத் தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் பீரோவில் கிடக்கிறது. 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. பையன் பாட வீடியோ பார்க்கவும் தமிழ் டைப்பிங் பழகவும் வேண்டும். குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போடலாமா, ஆண்ட்ராய்டு போடலாமா?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டமும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில், சென்னையில் உருவானது. வாங்கியவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நீங்கள் தேடும் வழி இத்தனை வருடமாக உங்கள் பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

ஃப்ளெக்ஸ், அதாவது பழைய கணினிகளுக்காகக் கூகுள் கொடுக்கும் குரோம் ஓஎஸ், உங்களுக்கு ஆகாது. அதற்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 16 ஜிபி டிஸ்க், 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் வேண்டும். இதை நெவர்வேர் என்ற நிறுவனம் கிளவுட்ரெடி என்ற பெயரில் செய்துகொண்டிருந்தது. 2020 கடைசியில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கி, 2022இல் ஃப்ளெக்ஸ் என்று வெளியிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஃப்ளெக்ஸில் பிளே ஸ்டோர் கிடையாது. குரோம்புக்கில் இருக்கிறதே என்பார்கள். குரோம்புக் வேறு, ஃப்ளெக்ஸ் வேறு.

ஆண்ட்ராய்டையும் நான் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டைக் கணினியில் ஓட்ட ஆண்ட்ராய்டு எக்ஸ்86 என்ற திட்டம் 2009இலிருந்து நடந்தது. அதன் கடைசி நிலையான வெளியீடு ஆண்ட்ராய்டு 9, வந்தது 2020இல். அதன் மேல் கட்டிய பிளிஸ் ஓஎஸ் தொடர்ந்து வந்தது. தொல்லை எங்கே என்றால், போன் ஆப்களில் நிறைய, போன்களில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப்புக்காக மட்டும் எழுதப்பட்டவை. உங்கள் இன்டெல் சிப்புக்கு அந்த பாஷை புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையையும் மாற்றிச் சொல்ல வேண்டும். 2 ஜிபி ராமில் அது மூச்சு வாங்கும், சில ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

நான் செய்வதாக இருந்தால், லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்து ராம் போட இன்னொரு இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பழைய டிடிஆர்3 ராம் சர்வீஸ் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி. இந்த இரண்டும் செய்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நன்றாக ஓடும். செலவே கூடாது என்றால் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ். அழகு குறைவு, ஆனால் ராம் குறைவாகத் தின்னும்.

வீடியோவுக்கு ஒரு குறிப்பு. யூடியூப் இப்போது அனுப்பும் விபி9, ஏவி1 வடிவ வீடியோக்களைப் பிரிக்கும் வன்பொருள் அந்தக் காலத்து இன்டெல் கிராபிக்ஸில் இல்லை. முழு வேலையும் சிப்பின் தலையில் விழும், ஃபேன் அலறும். எச்264 என்ற பழைய வடிவ வீடியோவையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை பிரவுசரில் போட்டு 480பி வைத்துக்கொண்டால் பையன் நிம்மதியாகப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் பட்டனைத் தொடாதீர்கள். அக்காவின் கல்லூரிப் போட்டோக்கள் அந்த டிஸ்கில் இருக்கும்.

ஈரோடு, கணக்கர்: ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி. விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற்கவில்லை. ஃப்ளெக்ஸ் போடலாமா?

2025 அக்டோபர் 14க்குப் பிறகு இந்தக் கேள்வி எனக்கு வராத வாரம் இல்லை. டேலி ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் ஃப்ளெக்ஸ் வேண்டாம், அதில் விண்டோஸ் மென்பொருள் எதுவும் ஓடாது. பிரவுசரும் மெயிலும் போதும் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஃப்ளெக்ஸ் முழு டிஸ்கையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும். விண்டோஸோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. பேக்கப்.

பெயர் சொல்லாதவர்: கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸில் ஆண்ட்ராய்டு டிவி ஏற்ற முடியுமா?

முடியாது. பாக்ஸும் உங்களுடையது இல்லை.

திருநெல்வேலி, போன் கடை வைத்திருப்பவர்: ஐபோன் 7 ஒன்று சும்மா கிடக்கிறது. ஆண்ட்ராய்டு ஏற்றலாமா? யூடியூபில் செய்து காட்டுகிறார்கள்.

காட்டுவது பொய் இல்லை. 2020 மார்ச்சில் கொரெலியம் என்ற நிறுவனத்தின் குழு பிராஜெக்ட் சாண்ட்காசில் என்று வெளியிட்டது. ஐபோன் 7, 7 பிளஸ் இரண்டிலும் ஆண்ட்ராய்டு எழுந்து நின்றது. அதற்கு முந்தைய செப்டம்பரில் வெளியான செக்எம்8 என்ற ஓட்டைதான் கதவைத் திறந்தது. அந்த ஓட்டை சிப்பிலேயே பொறித்த பூட் ரோமில், அதாவது போன் எழும்போது முதலில் ஓடும் நிரலில் இருக்கிறது. அதனால் அப்டேட் விட்டு அடைக்க ஆப்பிளால் முடியாது. ஆப்பிளின் ஏ5 முதல் ஏ11 வரையான சிப்கள் எல்லாவற்றிலும் உண்டு.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வைஃபை, டச் வேலை செய்யும். கேமரா இல்லை, சத்தம் இல்லை, புளூடூத் இல்லை, சிம் இல்லை. கிராபிக்ஸ் சிப்பும் தூங்கிக்கொண்டிருக்கும். சார்ஜ் தீர்ந்து அணைந்தால் மறுபடி கணினியில் செருகித்தான் எழுப்ப வேண்டும். கடையில் வருகிறவர்களுக்குக் காட்ட நன்றாக இருக்கும். அதைப் போன் என்று விற்காதீர்கள்.

கோவை, பொறியியல் மாணவர்: இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை அண்ணே. ஐபோனும் ஏஆர்எம், ஆண்ட்ராய்டு போனும் ஏஆர்எம். சிப்பின் பாஷை ஒன்றுதானே? பிறகு என்ன தடை? லேப்டாப்பில் ஒரே ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பை) எந்தக் கம்பெனி மெஷினில் போட்டாலும் ஓடுகிறதே!

தம்பி, சிப்பின் பாஷை முதல் படி மட்டும்தான். அதற்கு மேல், ஆன் செய்ததும் சிஸ்டத்தை எழுப்பும் பூட்லோடர் அனுமதிக்க வேண்டும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சிஸ்டத்துக்குத் தெரிய வேண்டும், தெரிந்த ஒவ்வொன்றுக்கும் அதை இயக்கும் டிரைவர் என்ற நிரல் வேண்டும்.

லேப்டாப்பில் ஒரே ஐஎஸ்ஓ ஓடுவதற்குக் காரணம் 1981இல் வந்த ஐபிஎம் பிசியும் அதைப் பார்த்து நகலெடுத்தவர்களும். நகலெடுத்தே பழகியதால் எல்லா மெஷினும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. உறுப்புகளை இணைக்கும் பிசிஐ பாதையில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் சிஸ்டம் "நீ யார்?" என்று கேட்கும். அது தன் எண்ணைச் சொல்லும். இன்டெல்லின் எண் 8086, அவர்களின் புகழ்பெற்ற பழைய சிப்பின் எண்ணேதான். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பெயர்ப்பலகை இருப்பது போல. புதுத் தபால்காரர் வந்தாலும் சமாளித்துவிடுவார்.

போனில் பெயர்ப்பலகை கிடையாது. டச் திரை எந்தக் கம்பியில் இருக்கிறது, எந்த முகவரியில் கேமரா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தயாரித்தவர் ஒரு வரைபடம் எழுதிக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் அதற்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. முன்பு அதுவும் இல்லாமல் ஒவ்வொரு போர்டுக்கும் தனி நிரல் எழுதிக் கர்னலுக்குள், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள் கொட்டினார்கள். 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏஆர்எம்காரர்கள் மேல் கடுப்பானது இதற்காகத்தான். அதன்பின்தான் டிவைஸ் ட்ரீ ஏஆர்எம் பக்கம் பரவியது.

அதே மாணவர்: ஏஆர்எம் சர்வர்கள்? உள்ளே என்ன இருக்கிறது என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் யூஇஎஃப்ஐ, ஏசிபிஐ எல்லாம் அவற்றில் இருக்கிறது. ஒரே ஐஎஸ்ஓ ஓடுகிறதே?

அது சரி. நான் பொத்தாம்பொதுவாக ஏஆர்எம் என்று பேசியிருக்கக் கூடாது. போன் என்று திருத்திக்கொள்கிறேன். அதிலும் நீங்கள் சொல்வது என் பக்கம்தான் சேர்கிறது. சிப்பின் பாஷை அதேதான், பெயர்ப்பலகை வைத்தவுடன் ஓடுகிறது.

சென்னை, பழைய கை: நடுவில் வருகிறேன். 2010இல் ரிச்சி தெருவில் எச்டிசி எச்டி2 போன் வாங்கினேன். வந்தது விண்டோஸ் மொபைல் 6.5. அதில் ஆண்ட்ராய்டு, விண்டோஸ் போன் 7, உபுண்டு எல்லாம் ஓட்டினேன். மனசிருந்தால் எதுவும் ஓடும். நீங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்கள்.

எச்டி2! என்னிடமும் இருந்தது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்டி கார்டில் ஆண்ட்ராய்டை வைத்துவிட்டு, விண்டோஸ் மொபைலுக்குள் ஹாரெட் என்ற நிரலை ஒரு ஆப் போலத் திறப்போம். அது தன்னைத் திறந்த விண்டோஸையே அழுத்திவிட்டு லினக்ஸ் கர்னலை உட்கார வைக்கும். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிய கதை.

ஆனால் ஐயா, அது ஏன் அவ்வளவு சுலபமாக நடந்தது? எச்டி2இல் இருந்தது குவால்காமின் கியூஎஸ்டி8250 சிப். 2010 ஜனவரியில் வந்த கூகுளின் ஆண்ட்ராய்டு போனான நெக்ஸஸ் ஒன்னிலும் அதே சிப், அதைத் தயாரித்ததும் எச்டிசிதான். கர்னலின் மூல நிரல் வெளியே இருந்தது. ஆக டிரைவர்கள் பாதி தயார். பூட்லோடரையும் உடைத்துவிட்டார்கள். நான் சொன்ன எல்லாப் படியும் அந்த ஒரு போனில் அமைந்தன. அதே வருடம் வந்த வேறு எத்தனை விண்டோஸ் மொபைல் போன்களில் இப்படி நடந்தது, சொல்லுங்கள்?

அதே மாணவர்: சரி, படிகள் ஒப்புக்கொள்கிறேன். ஆப்பிள் எம்1 மேக்கில் அசாஹி லினக்ஸ் ஓடுகிறது. ஆப்பிள் டிரைவர் கொடுக்கவில்லையே?

கொடுக்கவில்லை. ஆளாளுக்கு உட்கார்ந்து கிராபிக்ஸ் உட்பட எல்லாவற்றையும் பின்னோக்கிப் பிரித்து எழுதினார்கள். முதல் சோதனைப் பதிப்பு வர 2022 மார்ச் ஆனது. ஆனால் மேக்கின் பூட்லோடரில் வேறு கர்னலை ஏற்ற ஆப்பிளே வழி விட்டிருக்கிறது. இப்போது நான் கேட்கிறேன். அதே எம்1 சிப்போடு 2021இல் ஐபேட் ப்ரோ வந்தது. அசாஹி அதில் ஏன் இல்லை? சிப் ஒன்று, டிரைவரில் பெரும்பகுதி எழுதியாகிவிட்டது. கதவு மட்டும் பூட்டு. சாவி ஆப்பிளிடம்.

சென்னை, பழைய கை: அப்போது தப்பு நிறுவனத்தின் மேல்தானே? காசு கொடுத்து வாங்கியவனுக்குச் சாவி தர வேண்டாமா?

இதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். திறந்து விற்றுவிட்டுப் பிறகு பூட்டியவர்களும் உண்டு. பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் போட சோனியே அதர்ஓஎஸ் என்று வசதி கொடுத்திருந்தது. அமெரிக்க விமானப்படை 1,760 பிஎஸ்3களைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட்டில் அந்த வசதியைப் பிடுங்கினார்கள். அப்டேட் செய்யாவிட்டால் ஆன்லைன் ஆட்டம் இல்லை. வழக்கு வரை போனது. வாங்கும்போது இருந்த கதவு வாங்கிய பிறகும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

சரி, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெயர் சொல்லாதவர்: ஐபோன் 11இல் ஆண்ட்ராய்டு வருமா?

11இல் இருப்பது ஏ13. மேலே ஏ11 வரை என்று எழுதியிருக்கிறேன்.

பெயர் சொல்லாதவர்: ஐபோன் எக்ஸ்ஆர்?

ஏ12. மேலே படியுங்கள்.

மதுரை: என் ஆண்ட்ராய்டு போனில் ஐஓஎஸ் ஏற்ற ஏதாவது வழி?

இல்லை. ஐகானை மாற்றும் லாஞ்சரை ஐஓஎஸ் என்று பெயர் வைத்து விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: லேப்டாப் வாங்க வசதி இல்லை. போனில் லினக்ஸ் போட்டு பைத்தான் பழக முடியுமா? ரூட் செய்ய, அதாவது போனின் முழு அதிகாரத்தைத் திறக்கப் பயம்.

பயம் நல்லது. ரூட் வேண்டாம். டெர்மக்ஸ் என்ற ஆப்பை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குள் பைத்தான், நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் எல்லாம் கிடைக்கும். புரூட் என்ற கருவி வழியாக முழு டெபியன் லினக்ஸையே அதற்குள் விரிக்கலாம். இது ஆண்ட்ராய்டின் கர்னலையே பகிர்ந்துகொள்ளும், அதனால் போனுக்கு ஆபத்து இல்லை. பிடிக்கவில்லை என்றால் ஆப்பை நீக்கினால் போதும். ஒரு ஓடிஜி கேபிளும் பழைய யூஎஸ்பி கீபோர்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், விரல் வலிக்காது. கூகுளும் 2025இல் பிக்சல் போன்களில் டெபியன் ஓடும் டெர்மினல் ஒன்றைக் கொடுத்தது. அது தனி மெய்நிகர் கணினி.

போனிலேயே லினக்ஸை ஏற்றும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், உபுண்டு டச் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இரண்டும் நல்ல திட்டங்கள். இருக்கிற ஒரே போனில் செய்யாதீர்கள்.

வேலூர்: போனின் ரோம் (ஆபரேட்டிங் சிஸ்டம் தொகுப்பு) மாற்றிய பிறகு வங்கி ஆப் திறக்க மறுக்கிறது. யூபிஐயும் போச்சு.

பூட்லோடர் திறந்திருந்தால் கூகுளின் சரிபார்ப்பில் போன் தேறாது, அதைப் பார்த்துத்தான் அந்த ஆப் மறுக்கிறது. ஏமாற்றும் வழிகள் உண்டு, இன்று வேலை செய்யும், நாளை நிற்கும். பணம் இருக்கும் போனில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ரோம் மாற்றும் முன்னால், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இருக்கும் இஎஃப்எஸ் பகுதியைப் பேக்கப் எடுத்தீர்களா? 2016இல் வேறு மாடலின் ரோமை அவசரத்தில் ஏற்றி ஐஎம்இஐ எண்ணையே அழித்துக்கொண்டவன் நான். சிம் போட்டாலும் சிக்னல் வராத அந்த போன் இன்னும் வீட்டில் அலாரம் அடிக்கிறது.

பெயர் சொல்லாதவர்: பழைய டெல்லில் மேக் ஓஎஸ்?

இன்டெல்லுக்கான மேக்ஓஎஸ் 26ஓடு முடிகிறது. இப்போது தொடங்குவது காலி பண்ணப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது. ஆப்பிளின் உரிமமும் ஆப்பிள் கணினிக்கு மட்டும்தான்.

பெயர் சொல்லாதவர்: ஐபோன் 12 மினியில் ஆண்ட்ராய்டு

வராது.

நாகர்கோவில்: வைஃபை ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் போடலாமா?

உங்கள் மாடலும் அதன் வெர்ஷன் எண்ணும் அவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழையது என்றால் விட்டுவிடுங்கள். மேற்கொண்டு ரவுட்டர்காரர்களைக் கேளுங்கள், என் பக்கம் இல்லை.

கும்பகோணம் சகோதரி, மறுபடி: அண்ணா, மின்ட்டை பென்டிரைவில் லைவாக ஓட்டினேன். திரை, சத்தம், கீபோர்டு எல்லாம் சரி. வைஃபை மட்டும் காட்டவில்லை. பின்மூடியைத் திறந்தேன், ராம் இடம் ஒன்று காலி.

அருமை. வைஃபை சிப் பிராட்காமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் டிரைவர் லைவில் தானாக எழாது. உங்கள் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், இன்டர்நெட் வந்துவிடும். பிறகு மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே பிராட்காம் டிரைவரைக் காட்டும். ராம் வாங்கும் முன் இப்போது உள்ளதைக் கழற்றி, மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் டிடிஆர்3 என்றிருக்கிறதா, டிடிஆர்3எல் என்றிருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போட்டோக்களைப் பேக்கப் எடுத்தாயிற்றா?

கும்பகோணம் சகோதரி: அக்காவிடம் பென்டிரைவ் கேட்டிருக்கிறேன் அண்ணா. நாளைக்கு வருகிறாள்.

அப்படியானால் இன்ஸ்டால் நாளை மறுநாள்.