மூளையா, வளர்ப்பா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மருத்துவ உளவியலில் வேலை செய்கிறேன், கல்லூரியில் பாடமும் எடுக்கிறேன். மனிதரின் நடத்தைக்கு உடல் சார்ந்த காரணம் சொல்வது எதுவரை செல்லும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது பற்றி மட்டும் இங்கே எதுவும் சொல்ல மாட்டேன்.

பி.எஸ்சி. உளவியல் மாணவி: உயிரியல் விளக்கங்களின் பலம், வரம்பு என்று பரீட்சையில் கேட்கிறார்கள். நல்ல உதாரணம் சொல்லுங்களேன்.

பலத்துக்கு 'ஜெனரல் பரேசிஸ்' நோயை எடுங்கள். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநோய் விடுதிகளில் இந்த நோயாளிகள் ஏராளம். நன்றாக இருந்த நடுத்தர வயது ஆள் தன்னைச் சக்கரவர்த்தி என்பார், பணத்தை வாரி இறைப்பார். அப்புறம் பேச்சு குழறும், நடை தள்ளாடும், சில ஆண்டுகளில் இறந்துபோவார். ஒழுக்கக்கேடு, குடி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1913-இல் நோகுச்சியும் மூரும் இறந்த நோயாளிகளின் மூளையிலேயே, உடலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோயின் கிருமியைக் கண்டார்கள். பின்னால் பெனிசிலின் வந்ததும் அந்த நோய் ஏறக்குறைய மறைந்தது. காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, அதிலிருந்து சிகிச்சையும் பிறந்தது.

வரம்புக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு அது வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் அது நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டுவதில்லை. மீதியை மரபணுவை மட்டும் வைத்து விளக்க முடியாது. விடைத்தாளில் 'குறைத்தல்வாதம்' (எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக் காரணத்துக்குள் அடக்கிவிடுவது) என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு நகராமல், இந்த இடைவெளியைக் காட்டுங்கள்.

ஐ.டி. ஊழியர்: மனச்சோர்வு என்றால் மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைவதுதானே?

அப்படி நிரூபணம் ஆகவில்லை. 1950-களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் மருந்தால் நோயாளிகள் சிலர் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமானார்கள். செரோட்டோனின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது என்று தெரிந்தது. மருந்து கூட்டுகிறது, மனம் தேறுகிறது, ஆகவே குறைவுதான் நோய் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டார்கள். பாராசிட்டமாலில் காய்ச்சல் இறங்கினால், உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்போமா? இன்றைய மாத்திரைகளும் சில மணி நேரத்திலேயே செரோட்டோனினைக் கூட்டிவிடுகின்றன, மனம் தேறத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. 2022-இல் வந்த தொகுப்பாய்வும் குறைபாட்டுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

பெயர் சொல்ல விரும்பாதவர்: அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். காரணம் பற்றிய கோட்பாடு பலவீனமாக இருப்பது வேறு, மருந்து பலருக்கு உதவுவது வேறு. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவர்: குற்றம் செய்யத் தூண்டும் மரபணு உண்டாமே? இத்தாலியில் அதை வைத்துத் தண்டனையையே குறைத்தார்களே?

குறைத்தார்கள். 2009-இல் ட்ரியெஸ்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஓராண்டு குறைத்தது. பேசப்பட்ட மரபணுக்களில் ஒன்று எம்ஏஓஏ. மேலே காசநோய் மருந்து தடுத்ததாகச் சொன்னேனே, அந்த நொதியின் ஒரு வகையை உண்டாக்குவது இதுதான். 1993-இல் ஒரு டச்சுக் குடும்பத்தில் இந்த மரபணு அறவே வேலை செய்யாத ஆண்களிடம் திடீர் வன்முறையும் தீவைப்பும் காணப்பட்டன. அது மிக மிக அரிது. பத்திரிகைகள் 'போர்வீரர் மரபணு' என்று எழுதியதோ, நொதியைக் குறைவாக உண்டாக்கும் சாதாரண வகையை. நியூசிலாந்தின் டுனெடின் ஊரில் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அது இருந்தது. அத்தனை பேரும் குற்றவாளிகளா?

பள்ளி ஆசிரியர் (குறுக்கிட்டு): அதனால்தான் சொல்கிறேன், எல்லாம் வளர்ப்புதான். மரபணுப் பேச்சே தப்பிக்கும் வழி.

ஐயா, அதே டுனெடின் ஆய்வை முழுதாகப் பாருங்கள். 2002-இல் வெளியான முடிவுப்படி, சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்களில் இந்த மரபணு வகை இருந்தவர்களே வன்முறைப் பக்கம் அதிகம் போனார்கள். அன்பாக வளர்ந்தவர்களிடம் அது பெரிதாக எதையும் செய்யவில்லை. வளர்ப்பு மட்டும் என்றாலும் தவறு, மரபணு மட்டும் என்றாலும் தவறு.

சட்டக் கல்லூரி மாணவர்: அப்படியானால் அவர்களுக்குப் பொறுப்பு குறைவு என்பது சரிதானே?

ஆய்வு சொல்வது ஒரு கூட்டத்தின் சராசரியை. கூண்டில் நிற்கும் ஒருவர் அன்றைக்கு ஏன் கத்தியை எடுத்தார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தொடர்பு வேறு, காரணம் வேறு, கூட்டம் வேறு, ஆள் வேறு. தண்டனை எவ்வளவு என்பது சட்டம் தீர்மானிக்க வேண்டியது. அதற்கு மரபணுச் சோதனைத் தாளைச் சாட்சியாக ஏற்றுவதை நான் எதிர்க்கிறேன்.

கருவுற்ற தாய்: மரபணுவில் இருந்தால் மாற்றவே முடியாதா?

முடியும், சிலவற்றில் முழுக்கவே. பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறையில் ஒற்றை மரபணுக் கோளாறால், புரத உணவில் இருக்கும் பீனைலலனின் என்ற பொருள் உடலில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, பால், பருப்பு, முட்டை, இறைச்சியைக் கட்டுப்படுத்தித் தனி உணவு கொடுத்தால் குழந்தை இயல்பாக வளரும். மரபணு அப்படியேதான் இருக்கிறது, சாப்பாடு மாறியிருக்கிறது. புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கான சோதனைகள் பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

இரு பிள்ளைகளின் அப்பா: கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் 'மிட்பிரெயின்' வகுப்பில் சேர்க்கலாமா?

அறிவியல் ஆதாரம் கிடையாது. பணத்தைக் கட்டாதீர்கள்.

இன்னொருவர்: செரோட்டோனின் குறைவுக்கு என்ன சாப்பிடலாம்?

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு அம்மா: ஏழு வயதுப் பையன் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். எம்ஆர்ஐ எடுத்தால் ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறா என்று தெரிந்துவிடுமா?

தெரியாதம்மா. குழுவாக ஒப்பிட்டால் சிறு வித்தியாசங்கள் தென்படுகின்றன, ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. மூளையில் வித்தியாசம் தெரிந்தாலும் எது முன்னால், எது பின்னால் என்று பார்க்க வேண்டும். லண்டன் டாக்சி ஓட்டுநர்களுக்கு, நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிது என்று 2000-இல் தெரிந்தது. பிறவியிலேயே அப்படியா? 2011-இல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

ஸ்கேனுக்குச் செலவழிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில், வகுப்பில், விளையாட்டில் எப்படி இருக்கிறான் என்று அவர் விரிவாகக் கேட்பார். வகுப்பு ஆசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போனால் உதவியாக இருக்கும்.