காற்றுச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறேன். எனக்கு விசுவாசம் இல்லையா?

கேள்வி: அக்கா, கஜா புயலன்று எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது. தோப்பில் 62 தென்னையில் நின்றது நாலுதான். ஐந்து வயது மகளைக் கட்டிக்கொண்டு விடியும்வரை கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். வீட்டுக்காரர் அப்போதும் சிங்கப்பூரில், இப்போதும் அங்கேதான். ஐப்பசியில் வானம் இருண்டாலே எனக்குக் கை கால் நடுங்குகிறது. ராத்திரியில் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். "பயப்படுகிறவளுக்கு விசுவாசம் இல்லை, படகில் இயேசு சீஷர்களைக் கேட்ட கேள்வி உனக்கும்தான்" என்றார்கள். அதற்குப் பிறகு ஜெபம்பண்ணவே கூச்சமாக இருக்கிறது. மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள், அவளும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். நான் என்ன செய்வது?
– ஒரு சகோதரி, திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறிய அந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்கு இன்றும் உடம்பு நடுங்கினால் அதில் ஆச்சரியம் இல்லை. என்னை வருத்தியது அந்தக் கூச்சம்தான். பயத்தில் இருக்கிற பிள்ளை அப்பாவிடம் போகக் கூசுகிறது என்றால், அதற்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை முதலில் சரிசெய்வோம்.

மாற்கு 4ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒருமுறை வாசியுங்கள். இயேசு படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். (பின்னணியம் என்றால் படகின் பின்பக்கம், நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த சொல்தான்.) சீஷர்களில் சிலர் மீன்பிடித்துப் பிழைத்தவர்கள், எந்த அலை ஆளைக் கொல்லும் என்று அறிந்தவர்கள். அவர்கள் பயந்தார்கள், அவரைத் தட்டி எழுப்பினார்கள், "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கோபமாகக்கூடக் கேட்டார்கள். அதற்கு அவர் என்ன செய்தார்? எழுந்து காற்றை அதட்டினார். 39ஆம் வசனத்தில் கடல் அமைதியாகிவிட்டது. "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்" என்ற கேள்வி 40ஆம் வசனத்தில்தான் வருகிறது. விசுவாசம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டார்கள், எழுந்தார். உங்களிடம் அந்த வசனத்தைச் சொன்னவர்கள் 39ஐத் தாண்டிக்கொண்டு 40க்குப் போய்விட்டார்கள்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே திகிலடைந்தார் என்று அதே மாற்கு 14ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்தத் திகிலோடுதான் அவர் "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டார். பயந்தபடியே ஜெபிக்கலாம், சகோதரி. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்பது 56ஆம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் அங்கே ஒரே நாளில், ஒரே வரியில் இருக்கின்றன.

1977 நவம்பரில் நாகையைப் புயல் அடித்தபோது நான் சின்னப் பிள்ளை. அப்பாயி என்னை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு, "இருக்கீங்கல்ல ஆண்டவரே, இருக்கீங்கல்ல" என்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது என் முதுகில் தெரிந்தது. வேறு வார்த்தை எதுவும் அவர் வாயில் வரவில்லை. வெகுநாள் கழித்து 23ஆம் சங்கீதத்தைப் படித்தபோதுதான் அப்பாயி என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரிந்தது. அந்தச் சங்கீதம் முதல் மூன்று வசனங்களில் ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறது: "அவர்" மேய்க்கிறார், "அவர்" நடத்துகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு திரும்பிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." இருட்டில் நிற்கிறவன் அவரிடமே நேராகப் பேச ஆரம்பித்துவிடுகிறான். உங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். நீளமான ஜெபம் வேண்டாம்.

ஆண்டவர் கூட இருந்தால் ஓடு பறக்காது என்று நான் சொல்லமாட்டேன். விசுவாசிகளின் தோப்பிலும்தான் தென்னை சாய்ந்தது. கட்டிலுக்கு அடியில் நீங்கள் கிடந்த அந்த ராத்திரியிலும் அவர் அங்கே இருந்தார் என்பதை மட்டும் முழு மனதோடு சொல்கிறேன்.

சரி, இந்த மழைக்காலத்துக்கு வருவோம். படுக்கப்போகும்போது தாழ்ப்பாளை ஒருமுறை பாருங்கள். "பார்த்துவிட்டேன் ஆண்டவரே, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படுங்கள். மறுபடி எழுந்திருக்கத் தோன்றினால் அதே வார்த்தையைப் படுத்தபடியே சொல்லுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். டார்ச்சும் தண்ணீரும் மகளின் பொறுப்பாக இருக்கட்டும். கையில் வேலை இருந்தால் பிள்ளைக்குப் பயம் குறையும். பக்கத்துப் புயல் பாதுகாப்பு மையத்துக்கு எந்த வழியாகப் போவது என்று வெயில் நாளிலேயே அவளோடு நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அவளிடம் பயத்தை மறைக்க வேண்டாம். "அம்மாவுக்குப் பயமா இருக்கு, வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஆண்டவர்கிட்ட சொல்லலாம்" என்று கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒன்று. தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனால், நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. எலியா தீர்க்கதரிசி பயந்து ஓடிச் சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

கார்த்திகை கழிந்ததும் எனக்கு எழுதுங்கள். சாய்ந்த மரங்களுக்குப் பதிலாகத் தென்னம்பிள்ளை வைத்திருந்தால், பாளை விட்டிருக்கிறதா என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதுவரை தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் உங்களுக்காகவும் மகளுக்காகவும் ஜெபிக்கிறேன்.